என்ன வேலை என்று கேட்டார்கள்

வாதுவை,
செவ்வாய்க்கிழமை.

என் கண்மணி தில்ருக்ஷிக்கு,

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் காப்பில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் நீ கட்டிக்கொள்ளப்போகிற சியோனேயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைத்து வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார். ஸ்பீக்கரில் போட்டால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்ரீயானி அக்காவும் பேச்சில் சேர்ந்துகொள்வாள். எனக்கு உன்னிடம் தனியாகப் பேச வேண்டும். அக்காவின் மருமகன் வியாழக்கிழமை நியூசிலாந்துக்கு விமானம் ஏறுகிறான். அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். கொக்கிஸ் பலகாரம், மாசிக் கருவாட்டுச் சம்பல், அப்புறம் கை வெடிப்புக்கு நீ கேட்ட மூலிகை எண்ணெய். ஒரு புட்டி கேட்டாய், மூன்று வைத்திருக்கிறேன். ஆபீஸ் ஏசியில் கை இப்படியா வெடிக்கும் என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதலில் சந்தோஷ சமாச்சாரம். அப்பா கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார்! வேற நாட்டுக்காரன், வேற மதம், என்ன சாப்பிடுவான் என்றே தெரியாது என்று மூன்று மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பையனோட அம்மா நம்ம ஆளுடி. நாள் பாக்கச் சொல்லு" என்றார். எனக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனைச் சியோனேயின் தாய் சலோத்தே அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவனோடு சாப்பாடு வாங்கப் போனாய் அல்லவா? நீ திரும்பி வரும்போது உன் வருங்கால மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டாய். அது சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். அப்பா கயிற்றில் நடந்ததை அவர் உனக்குச் சொல்லியிருப்பார். ஆனால் இந்தப் பக்கத்துக் கதை எனக்குத்தானே தெரியும்.

நீதான் முன்கூட்டியே சொல்லியிருந்தாய். "அம்மா, அவங்களுக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் புரியும். என்ன வேலைன்னுதான் முதல்ல கேப்பாங்க. அப்பாவுக்குத் தென்னந்தோட்டம் இருக்குன்னு சொல்லுங்க. கள் இறக்குறதப் பத்திப் பேச வேணாம்" என்றாய். அன்று முழுக்க அப்பா முகம் சரியாக இல்லை. மறுநாள் அவரே, "பிள்ளை நல்லா இருந்தாச் சரி, படிச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு ஸ்ரீயானி அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார்.

அக்கா சைப்ரஸில் வீட்டு வேலை செய்தபோது கற்ற இங்கிலீஷ் அது. எதைச் சொன்னாலும் கடைசியில் மேடம் வந்துவிடும். தினமும் சாயங்காலம் அவள் அடுப்படியில் பாடம். அகப்பையைப் போன் மாதிரி பிடித்துக்கொண்டு அவள் கேட்பாள்: என்ன வேலை செய்கிறீர்கள்? எங்கே? எத்தனை வருஷமாக? எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள்? பிடித்திருக்கிறதா? அப்பா பதில்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டார். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது நான்தான் சலோத்தே அம்மாவாக இருந்து கேள்வி கேட்க வேண்டும். அதனால் எனக்குக் கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும். அவருக்குப் பதில் மட்டும்தான். கேள்வியில் "வாட் டூ யூ டூ" ஒன்றுதான் மண்டையில் ஏறியது. இதை நினைவில் வைத்துக்கொள்.

வீட்டில் படித்தது போதாதென்று மரத்தின் மேலும் படிப்பு. ஒரு தென்னை உச்சியிலிருந்து அடுத்த தென்னைக்குக் கட்டிய கயிற்றில் நடந்துகொண்டே, இடுப்பில் கள் சுரைக்குடுக்கை ஆட, இங்கிலீஷில் "எனக்குத் தென்னந்தோட்டம் உண்டு மேடம்! முப்பது ஏக்கர் மேடம்!" என்று கத்துவார். அடுத்த கயிற்றில் இருந்த விமலே விடுவானா? எஸ்டேட் என்ற சொல் அவனுக்குத் தெரியாதா என்ன? "எப்பண்ணே வாங்கினீங்க? எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்று ஆரம்பித்துவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. கீழே குணரத்ன முதலாளி குடையோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்து, "சுமதிபால, தோட்டம் உன்னோடதுன்னா நான் யாருப்பா?" என்று கேட்டாராம். அப்பா அன்றைக்கு மரத்தை விட்டு இறங்கவே நேரமாகிவிட்டது.

ஞாயிறு காலை முதல் சுற்றுக் கள்ளை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாண மாப்பிள்ளையே தோற்றான். நீ போனைக் கொடுத்துவிட்டுப் போனாய். உடனே சலோத்தே அம்மா சிரித்துக்கொண்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "முப்பது ஏக்கர் மேடம்" என்றார்.

அந்த அம்மா கொஞ்சம் திகைத்து, உங்கள் மனைவி பெயர் என்ன என்றார். "தென்னை மேடம்" என்றார் இவர். நான் முழங்கையால் இடித்தேன். அதற்குள், இருபத்தாறு வருஷமாக ரொம்பப் பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்து ஒப்பித்து முடித்துவிட்டார். சலோத்தே அம்மா எவ்வளவு நல்லவர் பார், சிரிக்காமல், உங்கள் தோட்டத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்.

நான் போனைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து விமலே நம் முற்றத்துக்கு மேலே கயிற்றில் போகிறான். "கடவுளே! ஆகாயத்தில் ஒரு மனுஷன் நடக்கிறான்!" என்று அந்த அம்மா கத்திய கத்தலில் ஸ்ரீயானி அக்கா வேலியைத் தாண்டி ஓடி வந்துவிட்டாள். சலோத்தே அம்மா விமலேயை வாயாரப் புகழ்கிறார். என்ன தைரியம், என்ன அழகு, யார் அவர் என்று ஒரே ஆச்சரியம். உன் அப்பா எதையும் பொறுத்துக்கொள்வார், விமலே பேர் வாங்குவதைப் பொறுப்பாரா? நாற்காலியை விட்டு எழுந்து நெஞ்சில் தட்டி, "அவன் சின்னப் பையன் மேடம்! நான்! நான் இருபத்தாறு வருஷம்!" என்றார். முப்பது ஏக்கரும் அந்த இடத்திலேயே காற்றில் போய்விட்டது.

சொன்னதோடு நிறுத்தவில்லை. சாரத்தை மடித்துக் கட்டி, வெள்ளைச் சட்டையோடு மரத்தில் ஏறிவிட்டார். நான் உயரே போனைத் தூக்கிப் பிடித்தேன். கயிற்றில் நடுவழியில் நின்று, ஒரு கையை விட்டுவிட்டு டாட்டா காட்டுகிறார்! சலோத்தே அம்மா கை தட்டினார், பாடினார், அழுதார். ஸ்ரீயானி அக்கா பக்கத்தில் நின்று, "ஐயோ, சட்டையில கறை பட்டாப் போகாதே" என்று புலம்பினாள். போகவும் இல்லை, மகளே. இருந்தாலும் அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டாம் என்கிறார்.

உன் கல்யாணத்துக்கு, அவர்கள் வழக்கப்படி, சலோத்தே அம்மா தன் கையாலேயே பாய் முடைகிறாராம். பெண் கேட்க அதைச் சுமந்துகொண்டு இங்கேயே வருவேன் என்கிறார். எனக்கு இப்போதே தலைகால் புரியவில்லை. எங்கே படுக்க வைப்பது, என்ன சமைப்பது என்று ஒரே யோசனை.

இனி நான் எழுதப்போவதைத் தனியாக இருக்கும்போது படி.

அப்பா மேலே இருந்தார். அக்கா சட்டைக்காக அடிமரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். போனைக் கீழே இறக்கி என் பக்கம் திருப்பினேன், அதில் நானும் சலோத்தே அம்மாவும் மட்டும்தான். அவர் மெதுவாகப் பேசினார், எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. "உங்கள் மகளுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. எங்கள் தொழிற்சாலை வரிசையில் அவளைப் போல வேகமாகச் சிப்பி திறக்க ஆளே இல்லை. இரண்டு வருஷமாக என் பக்கத்தில்தான் நிற்கிறாள். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குகிறோம், தண்ணீர் அப்படிக் குளிரும். இரண்டு கையுறை போடு பெண்ணே என்று திட்டுவேன். கத்தி வழுக்கும் என்பாள், கேட்க மாட்டாள்" என்றார்.

எங்கே, எத்தனை வருஷமாக, எத்தனை மணிக்கு என்று அக்கா சொல்லிக்கொடுத்த பாடம் முழுக்க அதில் இருந்தது. நீ எங்களிடம் சொன்ன கணக்கு ஆபீஸ் மட்டும் எங்கும் இல்லை. என்னைப் பார்த்து அந்த அம்மா முகம் மாறிவிட்டது. உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். நான் சொன்னேன், "தெரியும். என் மகள் என்னிடம் எல்லாம் சொல்லுவாள்." மேடம் போடாமல் நான் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

அன்று ராத்திரி அழுதேன். கோபமும் வந்தது. அப்புறம் பக்கத்தில் கறைச் சட்டையோடு குறட்டை விட்டுத் தூங்கும் மனுஷனைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு முப்பது ஏக்கர், உனக்கு ஏசி ஆபீஸ். அப்பனுக்கு ஏற்ற மகள்! நீ அங்கே படிக்கப் போன படிப்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்க மாட்டேன். சொல்ல முடிந்தபோது சொல். விடியும் முன்னே எழுந்து போவதில் நம் வீட்டில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நீதான் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது அவரையே கேட்கச் சொல்கிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் "வாட் டூ யூ டூ" மட்டும் அவருக்கு மறக்காது. மனப்பாடம் செய்த பதில் வேண்டாம் மகளே, அவரைப் போலவே நெஞ்சில் தட்டிச் சொல். மறுநாள் காலையில், "எம் பொண்ணுதான்டா அங்க முதல் கை" என்று விமலேக்குக் கேட்கிற மாதிரி அவர் கயிற்றில் நின்று கத்துவதை நான் கேட்க வேண்டும்.

எண்ணெயைக் கையுறை போடுவதற்கு முன்னால் தடவு. தினமும் தடவு. மும்மணிகள் உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அம்மா,
குசுமலதா.