காளியப்பன் காலைக் கழுவிய நாட்கள்

9 ஏப்ரல் 1928, திங்கள்

வெளிநோயாளிகள் எழுபது பேருக்கு மேல். பாதிப் பேர் கண்வலி.

விரல்களில் தோல் மறுபடி உரிகிறது. எல்லாம் நீல லோஷன்தான். புண் கழுவுகிற பாதரச மருந்து. தவறிப்போய் யாரும் குடித்துவிடக் கூடாதென்று நீலச் சாயம் சேர்த்து வருகிறது. இந்த ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிற வேலைக்கு வந்து ஒன்பது வருடமாக அதில் கை நனைக்கிறேன். மத்தியானம் குழம்புச் சோற்றைப் பிசைய முடியவில்லை, அப்படி எரிந்தது. மயிலம்மாள் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். "கண்ணாலம் கட்டுன புதுசுலகூட உங்களுக்கு இப்பிடி ஊட்டலைங்க" என்று சிரித்தாள்.

12 ஏப்ரல்

மல்லசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் ஓர் ஆள் வந்தான். பெயர் காளியப்பன், வயது முப்பது இருக்கும். வற்றின கிணற்றை ஆழப்படுத்தும்போது மேலிருந்து கல் உருண்டு முழங்காலுக்குக் கீழே விழுந்திருக்கிறது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிறது. நேற்றுக் காலையில் நடந்தது, இன்றுதான் கொண்டுவந்தார்கள். புண்ணுக்குள் கிணற்றுச் சேறு.

டாக்டர் சென்னியப்பன் ஐயா மயக்கம் கொடுக்கச் சொல்லி, நைந்த சதையை வெட்டி, எலும்பை உள்ளே தள்ளி நேராக்கி, கட்டை வைத்துக் கட்டினார். புண் இருக்கும் இடம் மட்டும் திறந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நல்ல கை அவருக்கு. அதை நான் யாரிடமும் சொல்வேன். பிறகு எனக்கு உத்தரவு: நீல லோஷன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, புண்ணின் அடிவரைக்கும்.

வெளியே வந்தேன். அவன் மனைவி சாலம்மாள் எதிரே நின்றாள்.

"கால எடுத்துப்போட்றாதீங்க சாமி. மாட்டைப் பூட்டித் தண்ணி எறைக்கோணுமுங்க. ஒத்தக் கால்ல எப்பிடீங்க?"

பார்க்கலாம் அம்மா என்றேன். வேறென்ன சொல்வது?

15 ஏப்ரல்

ஏழு தடவை கழுவினேன். இடுப்பு விட்டுப்போகிறது.

18 ஏப்ரல்

புண்ணின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. சிவந்து மேலே வரவேண்டிய சதை, வெந்த மீன் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. சீழும் குறையவில்லை.

ஜெர்மன் சண்டையின்போது பாஸ்ரா ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வார்டு வேலை பார்த்தேன். அங்கே முறிந்த எலும்புப் புண்ணுக்குள் ரப்பர் குழாய் வைப்பார்கள். வெளுப்புத் தூளும் சோடாவும் போரிக் தூளும் அளந்து கலந்து வடிகட்டின தண்ணீரை அதன் வழியாக விடுவார்கள். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய வேண்டும், காரம் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் சதை செக்கச்செவேலென்று வரும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ஐயாவிடம் மெல்லச் சொன்னேன்.

"அதெல்லாம் சண்டைக்காலத்துச் சமாளிப்பு, வீரபாகு. மருந்துன்னா எரியோணும். எரிஞ்சாத்தான் கிருமி சாகும்."

சரிங்க என்று வந்துவிட்டேன். சரிங்க என்று சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

21 ஏப்ரல்

காளியப்பன் கஞ்சியைத் தள்ளிவிட்டான். "வாயெல்லாம் செப்புச் செம்ப நக்குன மாதர இருக்குதுங்க." எச்சில் வடிந்துகொண்டே இருக்கிறது. வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு வீங்கி, பல்லோரம் கறுத்து, நாற்றம்.

மாசி மாதத்தில் சடையன் என்று ஒருவன் இருந்தான். மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து புண்ணோடு வந்தவன். அவனுக்கும் இதே லோஷன், இதே வாய். அப்புறம் இரத்தமாகப் பேதி. அப்புறம் மூத்திரம் நின்றுபோயிற்று. ஐந்தாம் நாள் போய்விட்டான். பதிவேட்டில் சீதபேதி என்று இருக்கிறது. எழுதினது நான்தான்.

சீதபேதிதானா? அன்றைக்கே எனக்குள் கேள்வி வந்தது. யாரிடம் கேட்டேன்? ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

22 ஏப்ரல்

இன்றும் ஏழு தடவை ஊற்றினேன்.

23 ஏப்ரல்

காலையில் காளியப்பனுக்கு வயிற்றுக் கடுப்பு, பேதியில் இரத்தம்.

எட்டு மணிக்கு லோஷன் ஜாடியைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன். டாக்டர் ஐயா வார்டுக்குள் வந்தார்.

"ஏன் இன்னும் கழுவலை?"

"நான் ஊத்தலைங்க."

"என்ன?"

"இது அவன் உடம்புக்குள்ள எறங்குதுங்க ஐயா. வாயப் பாருங்க. சடையனுக்கும் இப்பிடித்தானுங்க ஆரம்பிச்சுது."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் முகம் சிவந்துபோயிற்று. "நீ டாக்டரா, நான் டாக்டரா?" வார்டு முழுக்கப் பார்க்கிறது. சாலம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேலை போச்சுடா வீரபாகு என்று நினைத்தேன். போனாப் போகுது, இன்னொருத்தனுக்கு இந்தக் கையால ஊத்த முடியாது.

அவர் என்னை அனுப்பவில்லை. காளியப்பன் தாடையைப் பிடித்து வாயை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நேற்றிலிருந்து எவ்வளவு மூத்திரம் போனான் என்று கேட்டார். அரைச் செம்புகூட இல்லை. இருந்ததைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் தானே காய்ச்சினார். கஞ்சி மாதிரி கலங்கித் திரிந்தது. சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

விளக்கை அணைத்தார்.

"நிறுத்து" என்றார். அவ்வளவுதான்.

24 ஏப்ரல்

நேற்று முழுக்க, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவினேன். இன்று டாக்டர் ஐயாவே கூப்பிட்டு பாஸ்ரா அளவைக் கேட்டார். நினைவிலிருந்து சொன்னேன். அவர் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து ஒத்துப் பார்த்தார். காலராவுக்கு ஊர்க்கிணறுகளில் போட வைத்திருந்த வெளுப்புத் தூள் டப்பாவைத் திறந்தோம்.

வாசனையிலேயே காளியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. "ஏனுங்க, கெணத்துல போடறதயா என் கால்ல ஊத்தறீங்க?"

"கெணத்துலதானே காலை ஒடைச்சுக்கிட்டே" என்றேன். வீங்கின வாயோடு சிரிக்கப் பார்த்தான்.

27 ஏப்ரல்

பேதி நின்றது. மூத்திரம் ஒன்றரைச் செம்பு. இதையெல்லாம் பார்த்துச் சந்தோஷப்படுகிற பிழைப்பு.

புண்ணைச் சுற்றி நல்ல தோல் சிவந்து வெந்திருக்கிறது. இந்தத் தண்ணீரும் சாது இல்லை. ஓரமெல்லாம் வாஸ்லின் துணி ஒட்டினேன். மறந்திருக்கிறேன், பாஸ்ராவில் இதைத்தான் முதலில் செய்வார்கள்.

3 மே

வெயில் தாங்கவில்லை. எட்டுத் தடவை கழுவினேன். புண்ணின் அடியில் அரிசி அரிசியாகச் சிவப்பு தெரிகிறது.

சாயங்காலம் டாக்டர் ஐயா அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மாசி மாதப் பதிவேடு திறந்திருந்தது.

"சடையனுக்கு ஈறு வீங்கினது உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"ஏன் சொல்லலை?"

பயமுங்க என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவரே சொன்னார்: "நானும் வாயைப் பார்க்கலை. கால மட்டும் பார்த்தேன்." சீதபேதி என்ற சொல்லை அடித்து, பாதரச நஞ்சு என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் நானும் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

19 மே

காளியப்பன் புண்ணிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு செத்த எலும்புத் துண்டு தானாக மேலே வந்தது. டாக்டர் ஐயா இடுக்கியால் எடுத்தார். அதோடு சீழ் பாதியாகக் குறைந்தது.

27 ஆகஸ்ட்

காளியப்பன் ஊருக்குப் போனான். கால் இரண்டு விரற்கடை குட்டை, ஆனால் அவன் கால். கோலை ஊன்றி வாசல்வரை நடந்தான். சாலம்மாள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். உரிந்த தோல் அவளுக்கு உறுத்தியிருக்கும்.

14 செப்டம்பர்

கரும்பாலையில் கை நசுங்கின ஒரு பெரியவர். அதே தண்ணீர், அதே குழாய், பன்னிரண்டு நாள். இன்று கையை எடுக்க வேண்டி வந்தது. "செத்ததை முதல் நாளே இன்னும் ஆழமா வெட்டியிருக்கோணும். மிச்சம் விட்டதைத் தண்ணி காப்பாத்தாது" என்றார் டாக்டர் ஐயா. பெரியவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

20 நவம்பர்

ராமாயி என்று ஒரு பெண். வண்டிச் சக்கரம் ஏறி முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்திருக்கிறது. இன்று ஆறாம் நாள், காய்ச்சல் இல்லை.

மத்தியானக் கழுவலுக்குக் குனிந்தவன் நிமிர முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் ஐயா பார்த்துவிட்டார். "போய்ப் படு. நான் கழுவறேன்."

"ஐயோ, நீங்க எப்பிடீங்க..."

"போன்னா போ."

மருந்து அறைப் பெஞ்சில் படுத்தேன். விழித்தபோது மணி ஆறு. பதறி ஓடினேன். டாக்டர் ஐயா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கைவரை நனைந்து, ரப்பர் குழாயைப் பிடித்தபடி ராமாயி கட்டிலோரம் குனிந்திருந்தார். மூன்றாவது தடவையாம்.

என்னைப் பார்த்ததும் மெல்ல நிமிர்ந்தார்.

"வீரபாகு, இடுப்பு ஒடியுதப்பா."