நடு ஸ்பீக்கரில் வசனம் இல்லை

மார்ச் 3, ஞாயிறு

ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரில் மச்சினன் இன்று லினக்ஸ் போட்டுவிட்டுப் போனான். நேற்றுவரை விண்டோஸ் இருந்தது. நானே போட்டது. வசனம் தெளிவாக இல்லை என்று ஒரு வார்த்தை வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். "இது வேற மாதிரி மாமா. ஆன் பண்ணுனா நேரா படப் பட்டியல்லதான் போய் நிக்கும்."

போய் நின்றது. படமும் பளிச்சென்று தெரிகிறது. வசனம்? எல்லோரும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறார்கள். சொன்னேன். "எனக்கு நல்லாத்தான் கேக்குது மாமா" என்கிறான். இருபத்தெட்டு வருஷமாக ஆயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் நான். ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடும் மென்பொருள் எழுதுகிறவன் எனக்குச் சொல்கிறான், நல்லாத்தான் கேக்குதாம். பெரிய மேதை.

மார்ச் 4, திங்கள்

லினக்ஸில் சத்தத்துக்கு மட்டும் பதினோரு அமைப்பு இருக்கிறது. பதினொன்றையும் மாற்றிப் பார்த்தேன். ஒரே கொழகொழ.

மார்ச் 9, சனி

லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போட்டேன். அரை நாள் போயிற்று. சவுண்ட் டிரைவரைத் தனியாக இறக்கினேன். கம்ப்யூட்டர் சத்தத்தில் கை வைக்காமல் அப்படியே ஆம்பிளிஃபையருக்கு அனுப்பும்படி வைத்தேன். ஐந்து ஸ்பீக்கரில் வசனம் வருவது நடு ஸ்பீக்கரில்தான். அதில் கீச்சை, ட்ரெபிள் என்பார்களே அதை, இரண்டு புள்ளி ஏற்றினேன். பிறகு நான்கு. பிறகு ஆறு.

படம் ஓடிய மறுநிமிஷம் இவள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, குத்துதுங்க."

"என்ன பேசுறாங்கன்னு புரியுதா இல்லையா?"

"புரியுது. குத்துது."

எனக்குக் குத்தவும் இல்லை, புரியவும் இல்லை. குத்துகிறது என்று சொல்பவள் யாருடைய அக்கா என்பதை நான் மறந்துவிடக் கூடாது.

மார்ச் 10, ஞாயிறு

மேதை வந்தான். தான் போட்டதை நான் அழித்துவிட்டதைப் பார்த்தும் முகம் மாறவில்லை. என்ன தோலோ. "ரெண்டையுமே வச்சுக்கலாம் மாமா. ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேக்கும்." போட்டுத் தொலை என்றேன்.

இரண்டிலும் ஒரே படம், ஒரே காட்சி. ஒரு கிழவனும் அவன் மகளும் சமையலறையில் சண்டை போடுகிறார்கள். லினக்ஸில் புரியவில்லை. விண்டோஸிலும் புரியவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் இரண்டிலும் புரிகிறது, நடுவில் சிரிப்பு வேறு. எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்க எனக்கு என்ன தலையெழுத்தா?

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க மாமா... காது டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிப் பாத்தா என்ன?"

"வெளிய போடா" என்றேன். அவன் ஏற்கெனவே வெளியேதான் நின்றிருந்தான். கதவை அறைந்து சாத்தினேன்.

இந்தக் காது போட்ட சோற்றைத்தான் இவன் அக்கா இருபத்தைந்து வருஷமாகச் சாப்பிடுகிறாள்.

மார்ச் 14, வியாழன்

அரங்கத்து மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மூன்றாவது புகாராம். "முன் வரிசைல நாலு பேரு காது கூசுதுன்னு எழுந்து போயிட்டாங்க சார். அந்தக் கீச்சுச் சத்தத்தக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்." இவருக்குச் சவுண்டைப் பற்றி என்ன தெரியும்? நாற்காலி எண்ணத் தெரியும். கீச்சு இல்லையென்றால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மண்டையை மண்டையை ஆட்டினார்.

ஏப்ரல் ஆறாம் தேதி நூறு பேர் சேர்ந்து பாடும் நிகழ்ச்சி இருக்கிறது. அதற்குள் புகார் நிற்காவிட்டால் "ஒரு வெளியாளத்தான் பாக்க வேண்டியிருக்கும்" என்று பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னார். என் நாற்காலியில் வெளியாளா? அந்த அரங்கத்தில் ஓடும் ஒவ்வொரு கேபிளும் நான் இழுத்தது. என்னை அனுப்பிவிட்டு எவன் உட்காருகிறான் என்று பார்க்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாவதாக ஒன்றையும் ஏற்றினேன். படம் காட்டுவதற்கென்றே செய்த சின்ன லினக்ஸ், வேறு எந்த வேலையும் அதற்குத் தெரியாது. நானே தேடி நானே போட்டேன். எவனையும் கேட்கவில்லை. அதே கிழவன், அதே மகள், அதே கொழகொழ.

மார்ச் 20, புதன்

ரிமோட்டை உடைத்தேன். தவறிப்போய் அல்ல.

மார்ச் 21, வியாழன்

புது ரிமோட் வாங்கி வந்திருக்கிறாள். "பட்டன்லாம் பெருசா இருக்குங்க." நான் என்ன குருடனா?

மார்ச் 24, ஞாயிறு

மச்சினன் மறுபடி வந்து நின்றான். "நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் இவள், என் முகத்தைப் பார்க்காமல். சரி, வீட்டில் எனக்கென்று ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறதா என்ன?

ஒரு கோப்பு செய்து கொண்டுவந்திருந்தான். கீழ்ச் சத்தத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே ஏறும் வெறும் "ப்பீ". "எந்த சிஸ்டம் எத முழுங்குதுன்னு பாத்துரலாம் மாமா. கேக்குறப்ப கையத் தூக்குங்க." நியாயமான சோதனைதான். ஸ்பீக்கர்களுக்கு நானே எத்தனையோ தரம் வைத்தது. உட்கார்ந்தேன்.

ஆயிரம் ஹெர்ட்ஸ், கை. இரண்டாயிரம், கை. மூவாயிரம், கை. நாலாயிரம், கொஞ்சம் பொறுத்துக் கை. அதோடு நின்றுவிட்டது.

"ம், அடுத்தத போடு."

திரும்பிப் பார்த்தால் இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. வெறும் கோப்பைப் போட்டுவிட்டு அக்காவும் தம்பியும் நாடகம் ஆடுகிறீர்களா என்று கேட்டது நினைவிருக்கிறது. அவன் கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி மேசைமேல் வைத்தான். "உங்க மிக்ஸர்ல போட்டுப் பாருங்க மாமா. அது எனக்குச் சொந்தக்காரன் இல்லையே."

திமிரைப் பார்.

மார்ச் 26, செவ்வாய்

மேனேஜர் வருவதற்கு முன்பே அரங்கத்துக்குப் போய்விட்டேன். பென் டிரைவைச் செருகி ஹெட்போனை மாட்டினேன். அவன் ஏமாற்றியதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

நாலாயிரம் கேட்டது. ஐயாயிரம் கேட்கவில்லை. ஆனால் மீட்டரில் பச்சை விளக்கு மேலே ஏறியது. ஆறாயிரம். ஏறியது. எட்டாயிரம். ஏறியது. ஹெட்போனை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். கடைசியில் மேடை ஸ்பீக்கர்களையே திறந்துவிட்டேன். ஒன்றுமில்லை. பால்கனியில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "ஐயா, நிறுத்துங்கய்யா! உயிரு போகுது!"

அந்த அம்மாவுக்கு என் மச்சினனைத் தெரியாது.

எத்தன நாளா? போன வருஷமா, அதுக்கும் முன்னாடியா? எனக்குக் கேக்கலன்னு ஏத்தி, ஏத்தி, காசு குடுத்து உக்காந்த ஜனங்க காதுல ஊசி ஏத்திருக்கேன். எழுந்து போனவங்கள வேற ரசனை கெட்டதுங்கன்னு திட்டியிருக்கேன். அய்யோ.

மார்ச் 28, வியாழன்

யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

காது டாக்டர். தாளில் கோடு நாலாயிரம்வரை நேராக வந்து அப்புறம் மாடிப்படியில் உருண்ட மாதிரி இறங்குகிறது. "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். போனது போனதுதானாம். கருவி வைத்துக்கொண்டால் பேச்சு ஓரளவு புரியுமாம். "மிக்ஸருக்கு?" என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

வெளியே வந்து வண்டிச் சாவியைத் தொலைத்துவிட்டாய் என்று இவள்மேல் எரிந்து விழுந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அவள்தான் பையில் கைவிட்டு எடுத்தாள்.

ஏப்ரல் 3, புதன்

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். "வெளியாளக் கூப்பிடுங்க. எனக்குக் கேக்கல." எழுந்து வந்து தோளில் கை வைக்கப் பார்த்தார். தொடாதீங்க என்றேன். நாற்காலி எண்ணுகிறவரிடம் ஆறுதல் வாங்கும் அளவுக்கு இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்று நூறு பேர் பாடினார்களாம். நான் போகவில்லை.

இன்று காலை மச்சினனை நானே கூப்பிட்டேன். வந்தான். சிரித்திருந்தால் அடித்திருப்பேன். சிரிக்கவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. டிஸ்கில் மூன்று சிஸ்டம் நிற்கிறது, ஒன்று போதும், மற்றதை அழி என்றேன். "எத வச்சுக்க மாமா?"

வசனத்தைக் கீழே எழுத்தாகக் காட்டச் சொன்னேன், மூன்றிலும். சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, வழக்கமான என் இடத்தில் உட்கார்ந்து படித்தேன். சின்ன லினக்ஸில் அவன் எழுத்தைப் பெரிதாக்கினான், மஞ்சளாக்கினான், பின்னால் கறுப்புப் பட்டை வைத்தான். கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. இதுதான் என்றேன். மற்ற இரண்டையும் அழித்தான்.

"எழுத்து வேணுங்கிறப்ப மட்டும் வரட்டுமா மாமா, இல்ல எப்பவும் இருக்கட்டுமா?"

இவள் சமையலறை வாசலில் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"எப்பவும் இருக்கட்டும்" என்றேன்.