எண்பத்திரண்டு கிலோ

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு காலை.

அன்பு மகன் பிரதீஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கடையும் சுகம், நீ அவுஸ்திரேலியாவில், பேர்த்தில் எத்தனை கிலோவில் சுகமாயிருக்கிறாய் என்று அறியத்தான் இந்தக் கடிதம். போனிலேயே கேட்கலாம், ஆனால் நான் நிறை என்ற சொல்லை எடுத்தவுடன் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது அல்லவா, அதனால் இருந்து முழுவதையும் வாசி.

நீ டேர்ட் பைக் வாங்கப் போவதை அப்பாவிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னாயாம். அப்பாவிடம் இரகசியம் சொல்வதும் கொச்சிக்கடைச் சந்தியில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று என்பது உனக்கு இன்னும் விளங்கவில்லை, அன்று பின்னேரமே பிரேக் வயர் வாங்க வந்தவர்களெல்லாம் என்னை விசாரித்துவிட்டுப் போனார்கள். மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற வீட்டில் பிறந்து, ஒரு பிளக் கழற்றத் தெரியாமல் வளர்ந்து, ஐந்து நிமிட நடைக்கும் முச்சக்கரவண்டி கேட்ட பிள்ளைக்கு, முப்பத்திநான்கு வயதில் மணல்மேட்டில் பாய ஆசை வந்திருக்கிறது. வரட்டும். ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் கடை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தோனியார் கோவிலடியில் மாக்ரெட் அக்காவின் மெழுகுதிரித் தட்டின்மேல் நீ விழுந்ததை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஓடும்போது விழுந்தவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன், பிரேக் பிடித்து ஒழுங்காக நிறுத்திவிட்டு, அதன்பின் ஆற அமர விழுந்தவன் நீ ஒருவன்தான். மாக்ரெட் அக்கா இன்றைக்கும் என்னைக் கண்டால், உங்கட மகன் இப்ப எந்தப் பக்கம் ஓடுறார் என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை வெளியே எடுத்து வைக்கிறாள்.

இப்போது பைக் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய உடம்புக்குப் பெரிய இஞ்சின், நானூற்றைம்பது சீசீதான் உனக்குச் சரி என்று அங்கே பைக் விற்கிற கடைக்காரன் சொன்னானாம், நீயும் தலையாட்டினாயாம். மகனே, அது பந்தயக்காரனுக்குச் செய்த சாமான். அக்சிலேட்டரை நீ பயத்தில் கொஞ்சம் கூடத் திருகினால் பைக் போய்விடும், நீ இருந்த இடத்திலேயே இருப்பாய். அப்பா வேறொரு ஞானம் சொன்னார், பழகுகிறவனுக்குச் சின்னதுதான் நல்லது, நூற்றிருபத்தைந்து எடுக்கட்டும் என்று. அது உன்னை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறுவதற்குள் அழுதுவிடும், உன் முழங்கால் வேறு ஹேண்டிலில் இடிக்கும். உனக்கு வேண்டியது முழு அளவுச் சட்டம் உள்ள இருநூற்றைம்பது, பந்தய வகை அல்ல, காட்டுப் பாதையில் ஓடுகிற வகை, ஃபோர் ஸ்ட்ரோக், கீழே இருந்தே மெதுவாக இழுக்கிற இஞ்சின். செல்ஃப் ஸ்டார்ட் இருக்க வேண்டும், ஏனென்றால் நீ விழுந்து எழும்பி அதைத் தூக்கி நிறுத்தியபின் காலால் உதைக்க உன்னிடம் மூச்சு மிஞ்சாது. எல்லாவற்றுக்கும் மேலே, முன்னுக்கும் பின்னுக்கும் உன் நிறைக்குச் சரியான ஸ்பிரிங் போட வேண்டும். கடையில் வருகிற ஸ்பிரிங் ஒல்லிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துப் போட்டது. அதில் நீ ஏறினால் பின்பக்கம் அமர்ந்துவிடும், முன்சக்கரம் மண்ணில் பிடிக்காது, வளைவில் நீ ஒரு பக்கம் திருப்ப அது வேறு பக்கம் போகும்.

இந்த இடத்தில்தான் உன் கெட்டித்தனம் பிடிபட்டது. அந்த நானூற்றைம்பதில் ஏறி இருந்து படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாய், படத்தின் கீழே, பாருங்கோ அப்பா, ரெண்டு குதிக்காலும் நிலத்தில முட்டுது, சைஸ் அச்சொட்டாச் சரி, நிறை எம்பத்திரண்டு எண்டு கடைக்காரனிட்டச் சொல்லிட்டன் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைக் கல்யாணப் படம் போல எல்லாருக்கும் காட்டினார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த சீட்டின் உயரத்துக்கு உன் உயரமுள்ள ஆளுக்கு விரல் நுனிதான் எட்ட வேண்டும். உன் குதிக்கால் முட்டியது நீ வளர்ந்ததால் அல்ல, பைக் தாழ்ந்ததால், பின் மட்கார்ட் டயருக்கு முத்தம் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் ஒருகொடவத்தையில் கராஜ் வைத்திருக்கிற நபீஸ் செயின் வாங்க வந்தவர், சேற்றுப் பந்தய பைக்குகளுக்கு ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் கட்டுகிற மனிதர், படத்தைப் பார்த்துவிட்டு, அக்கா, இது எம்பத்திரண்டு இல்ல, நூத்திப் பத்துக்கு ஒரு கிலோ கொறயாது, பைக் பொய் சொல்லாது என்று சிரித்தார். கமெரா சாய்ந்துவிட்டது என்றார் அப்பா. பிள்ளைக்கு எலும்பு பெரிசு என்றும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்திரண்டு என்ற எண்ணை நான் முன்பும் உன் வாயால் கேட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நீ நிமோனியாவில் மூச்சு இழுக்க முடியாமல் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விசா கிடைக்காமல், என்ன செய்வதென்று தெரியாமல், நம்முடைய அம்மன் கோவிலில் போய் நின்று, பிள்ளை எழும்பி நடந்தால் அவன் நிறைக்கு நிறை அரிசி தருகிறேன் என்று நேர்ந்தேன். நீ எழும்பினாய். ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை, நிறையைக் கேட்டுச் சொல்லுங்கோ என்றார் ஐயர். நான் கேட்டேன், நீ கொஞ்சமும் யோசிக்காமல் எண்பத்திரண்டு என்றாய், படங்களில் பார்த்தால் அப்போதும் உனக்கு இதே உடம்புதான். ஒரு தட்டில் உனக்குப் பதிலாக இரும்புப் படிக்கற்களை அடுக்கி, மற்றத் தட்டில் அரிசியைக் கொட்டிக் கொட்டி, தராசு நேராக நின்றபோது சனத்துக்கு முன்னால் விம்மி விம்மி அழுதேன். அது எண்பத்திரண்டு கிலோவுக்கு அழுத அழுகை, மிச்சத்துக்கு நான் இன்னும் அழவில்லை.

எனக்குப் பொய் சொன்னால் போகட்டும், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு படம் எடுக்கிற பிள்ளைதானே என்று விட்டுவிடுவேன். பைக் கடைக்காரனுக்குச் சொன்னால் உன் எலும்பு முறியும். ஆனால் நீ சாமிக்கே நிறுவையில் விளையாடிவிட்டாய், அதுவும் என் கையால். அம்மனிடம் நான் எண்பத்திரண்டு கிலோ பிரதீஸைத் தா என்று கேட்கவில்லை, என் பிள்ளையைத் தா என்று கேட்டேன், அவள் ஒரு கிராம் குறைக்காமல் முழுதாகத் தந்தாள். குறைத்தது நாங்கள். அந்தக் குறையோடு நீ ஒரு பைக்கில் ஏறி எங்காவது விழுந்து கிடந்தால் நான் எந்த முகத்தோடு திரும்ப அவளிடம் போவேன், நீயே சொல். எனக்குப் பயமாயிருக்கிறது மகன்.

ஆகவே பைக்கை இப்போது வாங்காதே. முதலில் ஒரு தராசில் ஏறி, எண்ணும் உன் இரண்டு காலும் ஒரே படத்தில் தெரிய எடுத்து அனுப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, எனக்குத் தெரிந்துவிடும். நபீஸிடம் கேட்டு எந்த ஸ்பிரிங் என்று நான் சொல்லுகிறேன், மிச்ச அரிசியை உன் படம் வந்தவுடன் வருகிற வெள்ளிக்கிழமையே கோவிலில் நிறுத்துக் கொடுத்துவிடுகிறேன். நூற்றுப் பத்து என்றாலும் சரி, நூற்றிருபது என்றாலும் சரி, ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, அவ்வளவும் எனக்குத் திரும்பிக் கிடைத்த பிள்ளைதான். நன்றாக இரு, விழாமல் ஓட்டு, விழுந்தாலும் எழும்பி வா, அம்மன் துணை.

உன் முழு நிறையையும் தாங்கிக்கொண்டிருக்கும்
அம்மா,
ஜீவராணி

மறக்காமல் இரண்டு முறை நிறு. ஸ்பிரிங்குக்கு ஹெல்மெட், பெரிய சப்பாத்து, தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அம்மனுக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறு.