வேம்புவைப் பார்க்க வந்த இன்னொரு டாக்டர்

பெரியாஸ்பத்திரி, தஞ்சாவூர்
புரட்டாசி, 1972

அன்புள்ள மச்சானுக்கு,

அம்சம் எழுதுவது. நானும் உங்கள் தங்கை வேம்புவும் நலம். திருச்சி ஜெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

வேம்பு நலம் என்றால் நம்பமாட்டீர்கள். மனுப் போட்டு உங்களைப் பார்க்க வந்த இளையபெருமாள் அண்ணன், அவள் தேறமாட்டாள் என்று சொல்லிவிட்டாராம். அவர் இங்கிருந்து கிளம்பியபோது அப்படித்தான் கிடந்தாள். இன்று காலை இட்லி தின்றுவிட்டு, சட்னியில் உப்பு இல்லை என்று என்னிடம் சண்டை போட்டாள்.

வயிற்றுவலி என்று முத்துப்பேட்டையிலிருந்து கொண்டுவந்தோம். குடல்வால் வெடித்திருக்கிறது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் நன்றாகப் பேசினாள். அதற்கப்புறம்தான் வாந்தி எடுத்து, உடம்பு சில்லிட்டு, கூப்பிட்டால் பதில் இல்லாமல் போனது. குளுக்கோஸ் ஏற்றியும் பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்னவோ, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் ஆபரேஷன் டாக்டர். அதற்கு முன்னால், மெடிக்கல் வார்டிலிருந்து ஷம்சாத் டாக்டரம்மாவை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

நம்மைக் கைகழுவி வேறு டாக்டரிடம் தள்ளிவிடுகிறார் என்றே நினைத்தேன். நர்சம்மாதான், வேம்பு இன்னமும் அவருடைய நோயாளிதான், அவர் யோசனை கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று விளக்கிச் சொன்னார்.

அந்த அம்மா வந்து வயிற்றை மட்டும் பார்க்கவில்லை. கன்னத்தைப் பார்த்தார், கையில் நீலமாகக் கன்றியிருந்த இடங்களைத் தடவிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“இவங்களுக்கு மூச்சு இழுப்பு உண்டா? வீட்டுல என்ன மாத்திரை சாப்பிடுவாங்க?”

இழுப்புக்கு எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரையை நாம் விடாமல் வாங்கிக் கொடுத்தோமே, அதைச் சொன்னேன். வந்த அவசரத்தில் அது வீட்டிலேயே கிடக்கிறது என்றும் சொன்னேன். அந்த மாத்திரையால்தான் முகம் உப்பியிருக்கிறதாம், கையும் கன்றிப்போகிறதாம். நாம் அவள் சதை போட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டோம். அதை நெடுநாள் சாப்பிட்டால், அந்த மருந்தைப் போலவே உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிடுமாம். ஆபரேஷன் நேரத்தில் திடீரென்று மாத்திரையும் நின்றதால் உடம்பு தாங்கவில்லை என்றார்.

ஆபரேஷன் டாக்டருக்குச் சந்தேகம்தான். ரத்தக் கசிவாக இருந்தால் காத்திருப்பது ஆபத்து என்றார். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை.

“வயித்தத் திறக்குறதா வேண்டாமான்னு முடிவு உங்களோடது சார். அந்த மாத்திரை மருந்தையே ஊசியாப் போட்டுட்டு கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. நானும் இங்கயே இருக்கேன்.”

அவர் சற்று யோசித்துச் சரி என்றார். ஊசி போட்டார்கள். இரண்டு பேருமே கட்டிலை விட்டு நகரவில்லை. பிரஷர் மெல்ல மெல்ல ஏறியது. பொழுது சாய்வதற்குள் வேம்பு கண்ணைத் திறந்து, அண்ணி, தண்ணி என்றாள். ஆபரேஷன் டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வயிற்றைத் திறக்கவில்லை.

இப்போதும் ஆபரேஷன் டாக்டர் காயத்தைப் பார்க்கிறார், அந்த அம்மா தினமும் வந்து மருந்தைப் பார்க்கிறார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று வேம்புவையே திருப்பிச் சொல்லவைத்தார்.

ஊரில் குறுவை அறுப்பு முடிந்தது. இந்தக் கடிதத்தை ஜெயிலில் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் கூலி விஷயம் எழுதவில்லை. நீங்கள் வருத்தப்படும்படி ஒன்றும் இல்லை. குடியிருக்கும் மனைக்குப் பட்டா தருவார்கள் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்களாம்.

இனிமேல் சங்கத்துக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் உங்களை விட்டுவிடுவார்கள் என்று இளையபெருமாள் அண்ணன் சொன்னார். வேம்பு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவாருங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் தோன்றியது. இப்போது அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் திடமாக இருக்கிறேன். எங்களை நினைத்து அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் மச்சான். வருகிற அன்றைக்கு, போனபோது நடந்தமாதிரியே தலை நிமிர்ந்து நடந்து வாருங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

உங்கள்
அம்சம்