சிவப்பு விளக்கும் என் மூக்கும்

மார்ச் 3

இன்றும் மூக்கைச் சொறிந்துவிட்டேன். நேரலையில், அதுவும் இரங்கல் செய்தி வாசிக்கும்போது! கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், மூக்கு நுனியில் எறும்பு ஊர ஆரம்பித்துவிடுகிறது. செய்தி ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை கை மேல போச்சுன்னா, பழையபடி உள்ள உட்கார்ந்து எழுதுற வேலைதாம்மா." செய்தி வாசிக்கும் நாற்காலிக்காக எவ்வளவு காத்திருந்தேன்! ஒரு மூக்குக்காக விட்டுக்கொடுப்பதா?

மார்ச் 5

தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தோல்ல ஒண்ணுமே இல்லை. 'அரிக்கக்கூடாது, அரிக்கக்கூடாது'ன்னு நீங்களே காவல் நிக்கிறீங்க, அதான் வருது. வந்தா வரட்டும்னு வாசிங்க." ஒரு களிம்புகூடத் தரவில்லை. வீடு வரும்வரை எரிச்சல்.

மார்ச் 8

மருத்துவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கச் சமையலறையில் ஒத்திகை. நாத்தனார் எதிரே உட்கார்ந்து கழுத்து, முதுகு, தலை என்று ரசித்துச் சொறிந்து காட்டினாள். "ஆஹா, என்ன சுகம் அண்ணி!" பாவி! பார்க்கும்போதே எனக்கும் பற்றிக்கொண்டது. கையைத் தூக்காமல் செய்தித்தாளை உரக்க வாசித்தேன். அரிப்பு ஏறியது, ஏறியது — பத்தி முடிவதற்குள் தானாகவே இறங்கிவிட்டது. நிஜமாகவா? இன்னொரு பத்தி வாசித்தேன். மறுபடியும் இறங்கியது!

மார்ச் 11

நாளைக் காலைச் செய்தி என்னுடையது. பயமாக இருக்கிறது. கையைத் தூக்கினால் அவ்வளவுதான்.

மார்ச் 12

கடைசி நிமிடத்தில் கையில் திணித்த செய்தி என்ன தெரியுமா? பள்ளிகளில் பேன் தொல்லை! எதிர்த்திரையில் பேன் ஒன்று பூதாகரமாக நெளிகிறது. கேமராக்காரர் தலையைச் சொறிகிறார். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அப்பால் ஆசிரியர் பிடரியைப் பிறாண்டுகிறார். எனக்கு மூக்கு, காது, உச்சந்தலை என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அரிப்பு கிளம்பிவிட்டது. வரட்டும். இரண்டு கையும் மேசை மேலேயே இருந்தன. குரல் எங்கேயும் பிசிறவில்லை.

பெருமையாக இருக்கிறது, சொல்லிக்கொள்ள வெட்கமே இல்லை. அந்த அறையிலேயே சொறியாத ஒரே ஆள் நான்தான்!

"நாளைக்கும் நீங்கதாம்மா," என்றார் ஆசிரியர், தலையைச் சொறிந்துகொண்டே. வீட்டுக்காரர் போன் செய்தார்: "இங்க குடும்பமே சொறிஞ்சுக்கிட்டிருக்கோம். நீ எப்படிடீ கல்லு மாதிரி இருந்தே?" ஒப்பனை அறைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் ஆசை தீரச் சொறிந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 20

செய்தி வாசித்துவிட்டு, வெளியே வந்து, காபியும் குடித்த பிறகுதான் எனக்கு ஒரு மூக்கு இருப்பதே நினைவுக்கு வந்தது.