களத்து பேண்டும் என் பதினைந்து கைநாட்டும்

தை 24, ஞாயிறு

பனி. கை விறைப்பு. எழுத்து ஒன்று யானை, ஒன்று எறும்பு. பின்னால் இதைப் படிக்கப்போவது நான் ஒருவன்தான், அதனால் என்னிடமே பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அறுபத்தெட்டு வயது வரை மண்வெட்டி பிடித்த கை. பென்சிலை நாற்று ஊன்றுகிற மாதிரி ஊன்றுகிறது. தாளில் இரண்டு ஓட்டை.

நோட்டு ரூபி டீச்சர் கொடுத்தது. செத்துப்போன பேண்டு மாஸ்டர் தேவராஜின் மனைவி. லுத்தரன் கோயில் தெரு. ரிட்டயர் ஆனதிலிருந்து எங்கள் தெரு ஆட்கள் ஆறு பேருக்குக் காலையில் எழுத்து சொல்லித்தருகிறார். "தினம் நாலு வரி எழுதுங்க மாரிமுத்து ஐயா. யாருக்கும் காட்ட வேணாம்." இனி ரூ.டீ. என்று போடுவேன். முழுக்க எழுதினால் பொழுது போய்விடுகிறது.

இன்று நானே படித்தவை: பஸ் நெற்றியில் 'தஞ்சாவூர்'. சோப்புத் தாள். தேர்தல் சுவர், பாதி அழிந்தது. வெண்ணாற்றுப் பாலத்துச் சுவரில் 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'. இத்தனை வருடமும் அங்கேதான் நின்றிருக்கிறேன். சிரித்துவிட்டேன். சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் மனைவி அஞ்சலையிடம் சொன்னேன். "படிச்சு கண்ட பலன் அதுதானா? போயி விறகப் பொளங்க."

தை 25, திங்கள்

வெயில். களத்தில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். மஞ்சள் பெயிண்ட், ஒவ்வொன்றிலும் நம்பர். ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை நடந்து நடந்து படித்தேன். படிக்க முடிந்ததே என்று சந்தோஷம். பிறகுதான் நினைவு வந்தது, களத்தைத் துண்டு போட்டு விற்க நட்ட கல் அது.

டவுன் ஓரத்தில் ஆற்றை ஒட்டின களம் அது. வருடா வருடம் மாசி பௌர்ணமிக்குக் களத்து பேண்டு அங்கேதான். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. எந்தத் தெருக்காரரும் எங்கேயும் உட்காரலாம். பதினைந்து வருடம் நடந்தது.

களத்துப் புறம்போக்கு, ஊருக்குப் பொது என்பது எங்கள் மனு. பட்டா நிலம், என் சொந்தம் என்கிறது பண்ணை. தாலுக்கா ஆபீஸில் விசாரணை மாசி 4. தோற்றால் களமும் போச்சு, பேண்டும் போச்சு. மழைக்காலத்தில் ஆடு கட்டக்கூட வேறு மேடு இல்லை.

விவசாயக் கூலிச் சங்கத்து நடேசன் காலையில் வந்தார். "பெரியப்பா, பேண்டு எப்ப ஆரம்பிச்சுது, எப்படி நடந்துச்சுன்னு வரலாறு வேணும். எழுத்துல. மனுவோட சேக்கணும்."

"ஐயாவே எழுதட்டும்," என்றார் ரூ.டீ. "அவருதான் முதல் நாள்லேருந்து இருக்காரு."

நானா! வரலாறா! பென்சிலைச் சீவி வைத்தேன்.

தை 26, செவ்வாய்

வரலாறு. மனுவுக்கு நல்ல தாளில் தனியாக. இங்கே சுருக்கம்.

முதல் வருடம். கூலித் தகராறு. சம்பா அறுப்புக்கு நாங்கள் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். போலீஸ். என் தம்பிக்கு மண்டையில் ஏழு தையல். சாயங்காலம் களத்தில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணம் வாசித்துவிட்டு மாஸ்டர் தேவராஜின் பேண்டு செட் அந்தப் பக்கம் வந்தது. தண்ணீர் கேட்டார்கள். குடித்தார்கள். எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். மாஸ்டர் ட்ரம்பெட்டை எடுத்தார்.

அந்த செட்டில் ஜார்ஜ் துரை இருந்தார். பொன்மலை ரயில் காலனிக்காரர், சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். சாக்ஸபோன். எருமை கன்றைக் கூப்பிடுகிற குரல் அதற்கு. அவர் வாசித்தது ஜாஸாம். "என்ன பாட்டு துரை?" என்று கேட்டேன். "பாட்டு இல்லே மேன். இதுக்குப் பேப்பர் கிடையாது. உள்ளே இருக்கு, வெளியே வருது." பேப்பர் கிடையாது என்றதும் எங்கள் ஆட்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

பாராவுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். அது நிஜம். நான் பார்த்தேன்.

மூன்றாம் வருடம் திருச்சியிலிருந்து இரண்டு செட். ஐந்தாம் வருடம் டவுனே வந்தது. ஆட்சி மாறிய வருடம் இரண்டு கட்சியும் கொடி கட்ட வந்தார்கள், இரண்டையும் அவிழ்த்தோம். ஏழாம் வருடம் நாற்காலி. பண்ணையின் காரியக்காரர் பண்ணையாருக்கு நாற்காலி போட்டார். பேண்டு ஆரம்பிக்கவில்லை. அரை மணி நேரம். துரை சாக்ஸபோன் வாயில் எச்சில் துடைக்கிறார், துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் பண்ணையார் எழுந்து வைக்கோலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

பதிமூன்றாம் வருடம் மாஸ்டர் செத்தார். பேண்டு நடந்தது. ட்ரம்பெட்டை ஒரு துண்டில் வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் நானே எழுதினேன். ஆறு தாள். ரூ.டீ. நாற்காலி இடத்தில் சிரித்தார், ட்ரம்பெட் இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தை 27, புதன்

காற்று. பெட்டியைத் திறந்தேன். தகரப்பெட்டி, என் பொறுப்பு. உள்ளே இருப்பவை: தம்பியின் சட்டை. அஞ்சலையின் அம்மாவுடைய வெற்றிலை உரல். களத்துத் தாள் பதினைந்து, சூடம் போட்டு.

தாள் பற்றி. ஒவ்வொரு வருடமும் பேண்டுக்கு முன்னால் காரியக்காரர் ஒரு தாள் கொண்டுவருவார். போலீஸுக்கு வேண்டும் என்பார். படித்துக் காட்டுவார்: "களத்துல பேண்டு நடத்த ஊரார் உத்தரவு." எங்கள் தெருவில் ஐந்து பேர் கைநாட்டு வைப்போம். முதல் கைநாட்டு என்னுடையது. அது பெருமை. ஆற்றில் இறங்கிக் கை கழுவிக்கொண்டு வந்து வைப்பேன். ஒரு தாள் அவருக்கு, ஒரு தாள் என் பெட்டிக்கு. ஒவ்வொருவராகக் குறைந்து, போன வருடம் நான் ஒருவன்தான் வைத்தேன். இப்போது அந்த நான்கு பேரும் இல்லை.

நடேசன் சொல்லியிருந்தார்: "அந்தத் தாளுதான் பெரியப்பா நம்ம சாட்சி. பதினஞ்சு வருஷ அனுபவம். தாசில்தார் தள்ள முடியாது."

என் கைநாட்டு வைத்த தாளை நானே படிக்கப் போகிறேன் என்று சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாம் வருடத் தாள். எழுத்து எழுத்தாக. மத்தியானம் ஆகிவிட்டது.

'மேற்படி களம் தங்களுக்குச் சொந்தமானது என்பதையும், தங்கள் தயவினால் ஒரு நாள் மட்டும் அனுமதி பெற்றோம் என்பதையும், அதில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டு'

கீழே ஐந்து நீலக் கட்டைவிரல். முதலில் என்னுடையது.

தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். நான் புதுசு. மறுபடி படித்தேன். இன்னொரு தாள். இன்னொன்று. பதினைந்தும் அதே.

சாப்பிடவில்லை.

தை 28, வியாழன்

ஒன்றும் எழுத வரவில்லை. எருமைக்கு வைக்கோல்.

தை 29, வெள்ளி

ரூ.டீ.யிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். நான் தப்பாகப் படிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது தப்பாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நல்லா படிச்சிருக்கீங்க ஐயா," என்றார். அப்புறம் அவருக்கே அழுகை.

இதையும் எழுதவேண்டும். யாரும் பார்க்கப்போவதில்லை. நான்காம் வருடமோ ஐந்தாம் வருடமோ மாஸ்டர் தேவராஜ் கேட்டார்: "மாரிமுத்து, அந்தத் தாளை ஒரு தடவை காட்டுங்களேன், பாத்துட்டுத் தரேன்." நான் காட்டவில்லை. "இது எங்க தாளு மாஸ்டர்" என்றேன். எல்லாம் படித்தவர்கள் கையில் இருந்தது. நிலம், சாவடி, சங்கத்து ரசீதுப் புத்தகம்கூட. இது ஒன்றாவது கைநாட்டுக்காரர்கள் கையில் இருக்கட்டும் என்று ஐந்து பேரும் பேசி வைத்திருந்தோம். படித்தவர் தொட்டால் பேண்டு அவர்களுடையதாகிவிடும் என்று. மாஸ்டர் சரி என்று போய்விட்டார். கோபம்கூட இல்லை.

ரூ.டீ.க்கு அது தெரியும் போலிருக்கிறது. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாசி 2, ஞாயிறு

நடேசன் வீட்டில் பேச்சு. அஞ்சலை வாசலிலிருந்தே, "எல்லாத்தையும் அடுப்புல போடுங்க, வெந்நியாவது காயும்."

நடேசன்: "போட்டு என்னத்த பெரியம்மா? அவனுங்க பதினஞ்சையும் தாக்கல் பண்ணிட்டானுங்க." அப்புறம் என்னிடம், மெதுவாக: "பெரியப்பா, ஒரு வழி இருக்கு. இது என் ரேகை இல்லன்னு சொல்லிடுங்க. நீங்க இப்ப கையெழுத்துப் போடுறவரு. அந்த நாலு பேரு வந்து சொல்லப்போறதில்ல."

"ரேகை பாக்குற ஆள் மெட்ராஸ்ல இருக்காங்களே," என்றார் ரூ.டீ.

"அது வரதுக்கு ஒரு வருஷம் ஆவும் டீச்சர். அதுவரைக்கும் களம் இருக்கும்ல?"

ஒரு வருடம். ஒரு பேண்டு. ஆசையாகத்தான் இருந்தது.

மாசி 3, திங்கள்

தூக்கம் இல்லை. என் ரேகை இல்லை என்றால் அந்த நான்கு ரேகையும் பொய். முதல் கை பொய் என்றால் மற்றதற்கு என்ன மதிப்பு? பேண்டு நடந்தது என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற தாள் அந்தப் பதினைந்துதான். என் ஆறு தாள் வரலாறு போன வாரம் எழுதியது. அதை யார் மதிப்பார்கள்?

தெரியவில்லை. தெரியவில்லை.

மாசி 4, செவ்வாய்

தா. ஆபீஸ். வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். காரியக்காரர் வந்தார், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"என்ன மாரிமுத்து, கையெழுத்தெல்லாம் போடுறியாமே! இனிமே கலெக்டரு வேலைதான் பாக்கி."

நான் சொன்னேன், "நீங்க அன்னைக்குப் படிச்சுக் காட்டுனது வேற, எழுதியிருக்குறது வேறங்க."

"நான் படிச்சது எனக்கு ஞாபகம் இல்லப்பா. எழுதுனது இருக்கு பாரு."

உள்ளே தாசில்தார் மரியாதையாகத்தான் கேட்டார். தாளை என் பக்கம் திருப்பினார். "பெரியவரே, இது உங்க ரேகையா?"

நடேசன் என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். என் விரலுக்குப் பக்கத்தில் சின்னத்தம்பியின் விரல், பாம்புக்கடித் தழும்போடு. அதற்குப் பக்கத்தில் மற்ற மூன்று.

"என்னுதுதாங்க. அஞ்சு பேரும் வெச்சோம். அன்னைக்கு எங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. இவரு வேற படிச்சாரு."

அதையும் எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்ட வந்தார் கிளார்க். "நானே படிக்கிறேங்க" என்றேன். நேரம் ஆனது. பின்னால் ஒருவர் இருமினார். சொன்னபடியேதான் இருந்தது. பழக்கத்தில் கிளார்க் மைப்பெட்டியைத் திறந்தார். நான் பேனாவைக் கேட்டேன்.

வெ. மாரிமுத்து.

சர்க்கார் தாளில் என் முதல் கையெழுத்து. கோணல் இல்லை. நன்றாக வந்திருந்தது. அதைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வெட்கம்.

தாசில்தார் சொன்னார்: "வேற படிச்சாருங்கறதுக்கு சாட்சி இல்லையே பெரியவரே." நான்கு பேர் இருந்தார்கள், செத்துப்போனார்கள் என்றேன். மனு தள்ளுபடி. ஆர்டர் பிறகு வருமாம்.

வழியெல்லாம் நடேசன் பத்தடி முன்னால் நடந்தார். பாலத்தில் நின்று, "டீ குடிக்கிறீங்களா பெரியப்பா?"

மாசி 5, புதன்

முள்கம்பி. காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். கம்பம் நட்டது எங்கள் தெரு ஆட்கள். வேறு வேலை எங்கே இருக்கிறது?

மாசி 7, வெள்ளி

பௌர்ணமிக்கு ஐந்து நாள். துரைக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் பாசஞ்சரில் வந்துவிடுவார், சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. இப்போது அவருக்கும் எழுபது.

ரூ.டீ. கார்டு கொடுத்தார். "நீங்களே எழுதுங்க." மூன்று கார்டு கெட்டது. நான்காவது:

'அன்புள்ள துரைக்கு மாரிமுத்து எழுதுவது. இது என் கை எழுத்து. நான் படித்துவிட்டேன். களம் போய்விட்டது. தப்பு என்னுடையது, காரியக்காரருடையது பாதி. இந்த வருடம் வர வேண்டாம். உங்கள் பெட்டியைத் துடைத்து வையுங்கள்.'

தபால் பெட்டியில் போட்டேன். 'டக்' என்று விழுந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. துரைக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது. யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்.

அந்த ஆள் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிக்க வேண்டும்.

பௌர்ணமி அன்று பாசஞ்சருக்கு ஸ்டேஷனில் போய் நிற்கப்போகிறேன். அவர் இறங்கினாரா இல்லையா என்று அடுத்த வாரம் இதில் எழுதிவிடுகிறேன்.