308-உம் என் தோளும்

ஞாயிறு, இரவு.

முப்பது வருடமாகப் பனியன் கம்பெனிக்கு நூல் வாங்குகிறவன், இன்று ரைபிள் கிளப்பில் என் மானத்தை நானே வாங்கப் பார்த்தேன். இதுவரை ஏர் ரைபிள் மட்டுமே பிடித்த கை. எனக்கென்று செய்யப்போகும் ரைபிளுக்குத் தோட்டா 22-ஆ, 308-ஆ என்று கேட்டார்கள். நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலியும் அல்லவா? ஆபரேஷன் செய்த தோளுக்கு மெல்லிசுதான் நல்லது என்று 308 எழுதிவிட்டேன்.

கிளப் செயலாளர் ரஹீம் பாய் நூல் வியாபாரி. படிவத்தைப் பார்த்ததும் காதருகே வந்தார்.

"ஏனுங்க, இது நூல் இல்லீங்க. தோட்டாவுல நம்பர் ஏறுனா உதைதான் ஏறுமுங்க. 308 உங்க தோளைக் கழட்டிப்போடும்."

அவரே அடித்து 22 என்று திருத்தினார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். மகராசன், நன்றாயிருக்கட்டும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்டாள்: "ஏனுங்க, 308-ஆம் நம்பர் நூல்ல பனியன் போடலாமுங்களா?"